மாதேஸ்வரியின் கைகள் – அத்தியாயம் 14: இரண்டரை நிமிடம்

டாக்டர் சுப்ரியா கோட்டுப் பையிலிருந்து நீல மார்க்கர் பேனாவை எடுத்து, விமல்ராஜின் வலது காலில், முட்டிக்கு ஐந்து விரல் கீழே ஒரு கோடு போட்டார். சிவப்பு அந்த இடம்வரை ஏறியிருந்தது. அதற்குக் கீழே இருந்தது அவன் கால் மாதிரியே இல்லை. வீங்கிப் பளபளத்து, பாதத்துப் பக்கம் கறுத்திருந்தது.

"இந்தக் கோட்டைத் தாண்டறதுக்குள்ள எடுத்துடணும்மா. நாலு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் சொல்லியிருக்கேன்" என்றார்.

மாதேஸ்வரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "கீழதானங்க?"

"முட்டிக்குக் கீழதான். முட்டி நிக்கும். முட்டி இருந்தா செயற்கைக் கால் போட்டு நல்லா நடக்கலாம். பின்னால வண்டி ஓட்டினவங்ககூட இருக்காங்க. முட்டியும் போயிடுச்சுன்னா அது வேற கதை. அதனாலதான் இன்னிக்கே செய்யணும்னு சொல்றேன்."

ஓசூர் தனியார் மருத்துவமனை ஒன்றின் இரண்டாவது மாடி. காலை ஒன்பதரை மணி. விமல்ராஜ் காய்ச்சலில் அரைத்தூக்கமாகக் கிடந்தான்.

ஆறு நாளைக்கு முன்னால், முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த கம்பெனி பஸ் சூளகிரி தாண்டி பஞ்சராகி நின்றது. டிரைவர் விமல்ராஜ் டயர் மாற்றக் குனிந்தபோது ஜாக்கி வழுக்கி, பஸ் அவன் காலில் இறங்கியது. எலும்பு நொறுங்கியதைக்கூட டாக்டர்கள் கம்பி வைத்துக் கட்டிவிட்டார்கள். புண்ணில் ஏறிய கிருமிதான் எந்த மருந்துக்கும் மசியவில்லை.

டாக்டர் போன பிறகு மாதேஸ்வரி கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் ரப்பர் உறை. ஆறு நாளாக அதைக் கழற்றாமல்தான் அவனைத் தொடுகிறாள். உள்ளே விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துக் கிடந்தது.

இந்தக் கதையோடு முதலிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த உறை எதற்கென்று தெரியும். இன்றைக்குத்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை.

மாதேஸ்வரி நாட்றாம்பாளையத்தில் பிறந்து, கல்யாணமாகிச் சூளகிரிக்கு வந்து, செல்போன் பாகங்கள் கோர்க்கும் கம்பெனியில் லைனில் நிற்பவள். முப்பத்து மூன்று வயது. நோவுள்ள உடம்பின் மேல் அவளுடைய வெறுங்கை பட்டால், அந்த உடம்புக்கு மட்டும் நாள் வேகமாக ஓடும். ஒரு நிமிடத்துக்கு ஒரு நாள். நல்ல உடம்பைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. நோவு இருந்தால் கை தானாகவே வேலையைத் தொடங்கிவிடும், அவள் வேண்டாமென்று நினைத்தாலும்.

இரண்டு வருஷத்துக்கு முன், கம்பெனி கேன்டீனில் வேலை செய்யும் அவள் மாமியார் வெங்கடம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை மாதேஸ்வரி முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எலும்பு கூடிவிட்டது. அதற்குள் வெங்கடம்மாவின் நகங்கள் வளர்ந்து நின்றன. நடுவில் பாலும் கூழுமாக ஊட்டிக்கொண்டே இருந்தும், பசி அடங்காமல் ஏழு களி உருண்டை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

நேரம் வைத்து இதையெல்லாம் கண்டுபிடித்தவன் விமல்ராஜ். விரலில் கீறல் பட்ட ஒரு நாள், மழித்த முகத்தோடு அவள் முன்னால் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் ஐந்து நாள் தாடியோடு எழுந்தான். தாடியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் யோசித்தான்.

"உன் கை ஆத்தல மாதேசு. தானா ஆறறதத்தான் சீக்கிரமா ஆற வெக்குது. ஆறாதத தொட்டா என்னா ஆவும்னு தெரியல" என்றான்.

அது இரண்டு மாதத்துக்கு முன் பேரிகையில் தெரிந்தது. வெங்கடம்மாவின் அண்ணன் வெங்கடசாமிக்குச் சர்க்கரை நோய், காலில் புண். ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தவர் மாதேஸ்வரியிடம் காலை நீட்டினார். அறையில் அவளும் விமல்ராஜும் மட்டும். இருபது நிமிடம். முதல் பத்து நிமிடம் புண் நிறம் மாறியபோது ஆறுகிறது என்றுதான் நினைத்தாள். கையை எடுத்தபோது விரல்கள் கறுத்திருந்தன. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

"அம்மாவுக்கு இது தெரிய வேணாம். நாம போறதுக்குள்ள முத்திப் போயிருந்துச்சு, நீ தொடவே இல்ல. அவ்ளோதான்" என்றான் விமல்ராஜ். அவளும் சரி என்றாள்.

பதினொரு மணிக்கு வெங்கடம்மா கேன்டீனில் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள். கூழ்த் தூக்கை ஜன்னலோரம் வைத்துவிட்டு, மகனின் காலருகே போய் நீலக் கோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்னாத்துக்குக் கோடு?"

மாதேஸ்வரி சொன்னாள். வெங்கடம்மா கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். பிறகு மருமகளின் உறை போட்ட கைகளைப் பார்த்தாள்.

"ஆறு நாளா நானும் கேக்காம இருக்கறன். எலும்பு சேரட்டும், கம்பி நிக்கட்டும்னு நீ எதுக்கோ காத்துக்கினு இருக்கற போலன்னு இருந்தன். இப்ப கால எடுக்கறன்றாங்க. இன்னும் என்னாத்துக்கு இத மாட்டிக்கினு உக்காந்திருக்கற?"

"அத்தை, என் கை ஆத்தறதில்லீங்க. நாளத்தான் ஓட்டுது."

"ஓட்டட்டும். நாளு போனா புண்ணு ஆறும். என் கை ஆறல?"

"அது முறிஞ்ச எலும்பு. தானாவே கூடும். இது கிருமி. மருந்துதான் இதப் புடிச்சு நிறுத்திக்கினு இருக்குது. ஒரு நாளைக்கு மூணு வாட்டி ஏத்தறாங்க. நான் கைய வெச்சா அவருக்கு நிமிசத்துல ஒரு நாளு போயிடும். பாட்டில்ல இருக்கற மருந்து அதே சொட்டாத்தான் இறங்கும். மருந்தில்லாத நாளாத்தான் ஓடும் அவருக்கு."

வெங்கடம்மா யோசித்தாள். முட்டாள் இல்லை அவள். நானூறு பேருக்கான சமையலை நேரம் தவறாமல் இறக்குகிறவள்.

"இதெல்லாம் நீ எப்படிக் கண்ட? யாருக்காச்சும் வெச்சுப் பாத்தியா?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். மாதேஸ்வரிக்கும் அது தெரிந்தது. வாயைத் திறந்தாள். பேரிகையில் அண்ணன் பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு வெங்கடம்மா அழுத அழுகை காதில் வந்து நின்றது.

"அவருதாங்க சொன்னாரு. கணக்குப் போட்டு" என்றாள்.

"கணக்கு" என்றாள் வெங்கடம்மா. போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு விமல்ராஜுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. அம்மா கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தாள்.

"எடுக்கறாங்களா?" என்று கேட்டான்.

"ஆமாங்க. முட்டிக்குக் கீழ. முட்டி இருக்கும்னு சொன்னாங்க."

அவன் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"ஒரு நேரம் தோணுது, உன் கைய வெக்கச் சொல்லலாமான்னு. அப்பறம் மாமன் கால் ஞாபகம் வருது."

"நான் வெக்கமாட்டன்."

"நானே கேட்டாலும் வெக்காத. காய்ச்சல்ல என்னா பேசறன்னு எனக்கே தெரியல." உதட்டை நனைத்துக்கொண்டு, "எடுத்துட்டு, புண்ணு சுத்தமா இருக்குதுன்னு டாக்டரு சொன்னப்பறம், அப்ப வெய்யி. அதுக்குத்தான் உன் கை. ரெண்டு மாசத்த ஒரு மணி நேரத்துல முடிச்சுப்புடலாம்" என்றான். சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நின்றுவிட்டது.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரப்பருக்கு உள்ளேயும் அவன் சூடு தெரிந்தது. எத்தனையோ பேரைத் தொட்டு எழுப்பிவிட்ட கை. இவன் ஒருவனுக்கு இதைக் கொடுக்காமல் இருப்பதுதான் அவள் செய்யக்கூடிய உபகாரம்.

ஒரு மணிக்கு ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் வந்து அவன் காலைத் தொடைவரை மழித்துத் துடைத்துவிட்டு, வலிக்கு ஊசி போட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண். "சொல்ப நித்தே மாட்லி" என்றாள் கன்னடத்தில், கொஞ்சம் தூங்கட்டும் என்று. சொன்னபடியே அவன் தூங்கிப்போனான்.

இரண்டே கால் மணி. நர்ஸ் வெளியே போனதும் வெங்கடம்மா எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

"அத்தை?"

"ஒரே ஒரு தடவ. நல்லாவுலன்னா கைய எடுத்துடு. நாலு மணிக்கு எப்படியும் வெட்டத்தான போறாங்க. போற காலுதான. அதுக்கு மேல என்னா கெட்டுடப் போவுது?"

"வேணாங்க. சொன்னாக் கேளுங்க."

"அவன் பொறந்தப்ப இந்தக் காலத்தான் முதல்ல பாத்தன். காலு முன்னால வந்த புள்ள" என்றாள் வெங்கடம்மா. குரலை உயர்த்தவே இல்லை. பேசிக்கொண்டே கிட்டே வந்து, மாதேஸ்வரியின் வலது மணிக்கட்டைப் பிடித்து, உறையின் விளிம்பில் விரலைவிட்டு ஒரே இழுப்பாக உருவினாள். ஊறிப்போன கையிலிருந்து உறை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த நொடி அந்தக் கை விமல்ராஜின் முட்டிக்குக் கீழே, நீலக் கோட்டின் மேல் இருந்தது. அதன் மேல் வெங்கடம்மாவின் இரண்டு கைகள்.

உள்ளங்கை வேலையைத் தொடங்குவதை மாதேஸ்வரி உணர்ந்தாள். வெந்நீர்க் குழாயைப் பிடித்தது போன்ற அந்தப் பழகிய சூடு.

இழுத்தாள். கேன்டீனில் அண்டா தூக்குகிற கைகள் விடவில்லை. இன்னும் வேகமாக இழுத்திருக்க முடியுமா என்று பின்னால் பல முறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்குள்ளும் ஒருத்தி, ஒருவேளை, ஒருவேளை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கள் கணக்குத் தப்பாக இருக்கக்கூடாதா? மாமன் வயசானவர், சர்க்கரைக்காரர். இவன் இளம் உடம்பு. இவன் உடம்பு ஜெயிக்காது என்று யார் சொன்னது?

மழித்த தொடையில் முடி கறுப்புப் புள்ளியாக எழும்பியது. கன்னத்தில் தாடி கறுத்தது. ஒரு நிமிடம்.

"பாரு, பாரு, வேலை செய்யுது" என்றாள் வெங்கடம்மா.

அவன் உதடு காய்ந்து தோல் உரிந்தது. மூச்சு குட்டையாகிக்கொண்டே வந்தது. தூக்கத்திலேயே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினான். மருந்துப் பாட்டிலில் சொட்டு நிதானமாக, அதே நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம்.

அப்போதுதான் மாதேஸ்வரி தன் விரல்களுக்கிடையே பார்த்தாள். சிவப்பு நிறம் நீலக் கோட்டைத் தாண்டிவிட்டது. முட்டி பளபளத்தது.

"அத்தை, விடுங்க. அங்க பாருங்க. கோட்டப் பாருங்க."

வெங்கடம்மா பார்த்தாள். பார்த்த பிறகும் அவள் கைகளுக்கு அது புரியச் சில நொடிகள் ஆயின. பிறகு சூட்டில் வைத்த கை மாதிரி இரண்டையும் எடுத்துக்கொண்டாள். மாதேஸ்வரி பின்னால் போய்ச் சுவரில் மோதி நின்றாள்.

இரண்டரை நிமிடம். மருந்தில்லாமல், தண்ணீரில்லாமல் இரண்டரை நாள்.

கட்டிலருகே இருந்த இதயத்துடிப்புக் கருவி கூவத் தொடங்கியது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மாதேஸ்வரிதான் போய்த் தாழை எடுத்தாள்.

ஓடி வந்த டாக்டர் சுப்ரியா காலைப் பார்த்ததும் அப்படியே நின்றார். தன் கையால் போட்ட நீலக் கோட்டைத் தேடினார். சிவப்புக்கு நடுவில் அது மங்கலாகக் கிடந்தது. சிவப்பின் விளிம்பு முட்டிக்கு மேலே நான்கு விரல் போயிருந்தது.

"ஒரு மணிக்கு நான் பாத்தப்ப இங்கதானே இருந்தது?" நர்ஸைத்தான் கேட்டார். நர்ஸ் தலையசைத்தாள். டாக்டர் அவன் தொடையைத் தடவினார். மழித்துச் சுத்தம் செய்த இடத்தில் முடி சொரசொரத்தது. முகத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். கேட்க வந்த கேள்விக்கு அப்போது நேரமில்லை.

"தியேட்டருக்குச் சொல்லுங்க. உடனே. நாலு மணி வரைக்கும் தாங்காது." மாதேஸ்வரியிடம் திரும்பினார். "வேற பாரத்தில கையெழுத்து வேணும். இப்ப முட்டிக்கு மேல."

மாதேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். ஒரு கையில் உறை, ஒரு கை வெறுங்கை. வெறுங்கையால்தான் பேனாவைப் பிடித்தாள்.

ஸ்ட்ரெச்சர் போய்க் கதவு மூடிய பிறகு, தியேட்டர் வாசலில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி. பக்கத்தில் யாரோ தெலுங்கில் போனில் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

வெங்கடம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள். "நாந்தான் அவன் முட்டிய எடுத்தது. டாக்டரு இல்ல. நான்."

"இல்லீங்க அத்தை."

"நீ தலப்பாடா அடிச்சுக்கின. நான் கேக்கல. பெத்தவளே புள்ள முட்டிய எடுத்துட்டன். இனி நான் எப்படி அவன் மூஞ்சியப் பாப்பன்?" அந்தக் கைகளாலேயே தன் நெற்றியில் அறைந்துகொள்ளத் தொடங்கினாள். சத்தமில்லாமல், ஒரே சீராக.

மாதேஸ்வரிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லாவிட்டால் இந்தப் பொம்பளை இந்தச் சுமையோடேயே செத்துப்போவாள் என்பதும் தெரிந்தது.

"அத்தை, உங்க தப்பில்லீங்க. எனக்கு முன்னாலயே தெரியும். கணக்குப் போட்டுத் தெரியல. வெச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுது. உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க இன்னிக்கு இதச் செஞ்சிருக்கமாட்டீங்க. சொல்லாதது நான்."

நெற்றியில் அறைந்துகொண்டிருந்த கை நின்றது.

"யாருக்கு வெச்சுப் பாத்த?"

மாதேஸ்வரி சொன்னாள். பேரிகை, அந்த அறை, நீட்டிய கால், ஆறுகிறது என்று நினைத்துத் தான் சந்தோஷப்பட்டது வரைக்கும் சொன்னாள். விமல்ராஜ் மறைக்கச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"எத்தன நிமிசம்?" என்றாள் வெங்கடம்மா.

"இருபது."

"இருபது நாளு." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "பஞ்சமிக்கு வரன்னு சொல்லியிருந்தான் எங்கண்ணன். அவன் போன பதினெட்டாம் நாளு அது வந்துச்சு. அந்த இருபது நாளு இருந்திருந்தா வந்திருப்பான்."

மாதேஸ்வரி தரையைப் பார்த்தாள்.

"அண்ணன் சாவுல நீ என் பக்கத்துல உக்காந்து என் தலையத் தடவிக்கினு இருந்த. எனக்கு ஞாபகம் இருக்குது. இதே கைதான்."

"ஆமாங்க."

வெங்கடம்மா கத்தியிருந்தால், கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் மாதேஸ்வரிக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். வெங்கடம்மா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வரிசையின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தே முக்காலுக்கு டாக்டர் சுப்ரியா முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். "உயிருக்கு இப்போதைக்கு பயமில்லை. முட்டிக்கு மேல எடுத்திருக்கோம். ரத்தத்தில கிருமி கலந்திருக்கான்னு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் எதுவும் சொல்ல முடியாது."

"பேசறாருங்களா?" என்றாள் மாதேஸ்வரி.

"மயக்கம் தெளியுது. கொஞ்ச நேரத்தில கூப்பிடுவாங்க." போகத் திரும்பியவர் நின்றார். "அம்மா, மதியம் ரூம்ல என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியணும். ஒண்ணரை மணி நேரத்தில அவ்வளவு முடி வளராது. நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க. நீங்க மட்டும்." அவர் பார்வை மாதேஸ்வரியின் உறையில்லாத வலது கையில் ஒரு நொடி தங்கிவிட்டுப் போனது.

அரைமணி கழித்து தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. அதே நர்ஸ்.

"மாதேஸ்வரி யாரு? பேஷண்ட் கூப்டறாரு. ஒருத்தர் மட்டும்தான் வரணும்."

மாதேஸ்வரி எழுந்தாள். பையிலிருந்து புது உறைகளை எடுத்து ஒன்றை மாட்டினாள். இரண்டாவதை மாட்டும்போது வெங்கடம்மா வந்து அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள்.

"நீ வராத."

"உறை போட்டுக்கினுதாங்க போறன். தூரமா நின்னு பாத்துட்டு வந்துடறன். என்னத்தான கூப்டறாரு."

"உறைய நான் ஒரு இழுப்புல உருவுனன். அவனும் உருவுவான், வலி தாங்காம. கிருமி இருக்குதா இல்லியான்னு டாக்டருக்கே தெரியலயாம்." வெங்கடம்மாவின் குரல் களைத்திருந்தது. "இனிமே என் வீட்ல ஒருத்தர நீ தொடக்கூடாது."

"அத்தை."

"நான் அவன் அம்மா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வெங்கடம்மா உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

கதவில் முகத்தளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. மாதேஸ்வரி அதனருகே போய் நின்றாள். மூன்றாவது கட்டில். போர்வை இடது பக்கம் மேடாக, வலது பக்கம் தொடைக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. விமல்ராஜ் வந்தவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் தேடினான். ஏதோ கேட்டான்.

வெங்கடம்மா குனிந்து, அவன் காதருகே பேசத் தொடங்கினாள். ஒரு வார்த்தையில் முடிகிற பதிலாக இல்லை அது. நெடுநேரம் பேசினாள்; நடுவில் ஒரு முறை தன் வலது உள்ளங்கையை விரித்து, தட்டையாகக் கிடந்த போர்வையின் மேல் வைத்துக் காட்டினாள். தடித்த கண்ணாடி. ஒன்றும் கேட்கவில்லை.

அவன் தலை மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது. மாதேஸ்வரி கையைத் தூக்கினாள், தான் இங்கேதான் இருக்கிறேன் என்று காட்ட. அவன் அவளைப் பார்த்தான். நிச்சயமாகப் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.